துணைக்கு ஆள் சேர்ப்பவள்

அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் கோபப்படுவாள் என்பதற்காக அல்ல. கோபம் வந்தால் அவள் தனியாகச் சண்டைக்கு வர மாட்டாள், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவாள். அத்தனை பேருக்கும் நான் தேத்தண்ணி கலக்கவேண்டும்.

தனியாக எதையும் செய்யத் தெரியாதவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் இவளைப் போல் பார்த்திருக்க முடியாது. பென்சில் சீவக் குப்பைத் தொட்டிவரை போவதற்கும் அவளுக்கு ஆள் வேண்டும். நேராக என் மேசைக்கு வந்து என் சட்டைக் கையைப் பிடித்து இழுப்பாள். "துணைக்கு வாடி" என்பாள். எங்கே, எதற்கு என்ற விளக்கமெல்லாம் கிடையாது. போகிற வழியில் இன்னும் இரண்டு பேரைப் பிடித்துக்கொள்வாள். குப்பைத் தொட்டியை நாங்கள் நாலு பேரும் சுற்றி நின்றுகொண்டு ஒரு பென்சிலைச் சீவிய நாட்கள் உண்டு.

நாங்கள் புக்கிட் செலம்பாவ் பக்கம். அவள் வீடு செம்பனைத் தோட்டத்து லயத்தில். என் வீடு அதே சாலையில் கொஞ்சம் தள்ளி, தாமான் என்கிற ஒரு சின்ன வீடமைப்புப் பகுதியில். இரண்டு பேரும் ஒரே வேனில் ஏறி சுங்கைப் பட்டாணியில் இருந்த இடைநிலைப்பள்ளிக்குப் போய்வருவோம். இதெல்லாம் நடந்து ஐந்தாறு வருடம்தான் ஆகிறது. ஆனால் நினைத்துப் பார்த்தால் யாரோ இரண்டு சின்னப் பிள்ளைகள் போலத்தான் தெரிகிறோம்.

மூன்றாம் படிவத்தில் படித்தபோது பள்ளிக்குப் பல் வைத்தியக் குழு வந்தது. அவளுக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கவேண்டும் என்று சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். சும்மா விடுவாளா? நாலு பேரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கிருந்த தாதி எங்களை மேலும் கீழும் பார்த்தார். வந்ததுதான் வந்தீர்கள், எல்லாரும் வாயைத் திறவுங்கள் என்றார். பார்த்ததில் எனக்கும் ஒரு சொத்தைப் பல் இருந்தது. அன்றைக்கு அவளுக்கு முன்னால் எனக்குத்தான் பிடுங்கினார்கள். வாயில் பஞ்சோடு நான் அழுதுகொண்டு வெளியே வந்தபோது, அவள் என் தோளில் கை போட்டு, "நல்ல வேள நீ வந்த. தனியா இருந்தா பயந்திருப்பேன் லா" என்றாள்.

அவளைத் தனியாகத் தண்டிக்கவும் முடியாது. கணக்கு சார் ஒருமுறை அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். ஜன்னல் வழியாக அவள் காட்டிய கோணல் முகங்களைப் பார்த்து ஐந்து நிமிடத்துக்குள் மூன்று பேர் சிரித்துவிட்டோம். எங்களையும் வெளியே அனுப்பினார். "அப்பாடா, வந்தீங்களா" என்று நகர்ந்து சுவரோரம் இடம் விட்டாள். விருந்துக்கு வந்தவர்களை உட்காரவைக்கிற மாதிரி.

இப்படிப்பட்டவள் கையில்தான் ஐந்தாம் படிவத்தில் அந்த வேப், புகை இழுக்கும் மின்சிகரெட், வந்து சேர்ந்தது. எந்தக் கெட்ட கூட்டமும் கொடுக்கவில்லை. தொழிற்சாலையில் வேலை செய்த அவளுடைய பெரியப்பா மகன் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போனது. வீட்டுக்குப் பின்னால் நின்று ஒரு தடவை இழுத்துப் பார்த்திருக்கிறாள். நன்றாக இருமியிருக்கிறாள். மறுநாள் வேனில் என் காதருகே வந்து, "தனியா இழுத்தா ஒரு டேஸ்டும் இல்லடி" என்றாள். அப்போதே எனக்குப் பல் வலித்திருக்க வேண்டும்.

இடைவேளைக்கு மணி அடித்ததும் என் சட்டைக் கை இழுபட்டது. "நீ இழுக்க வேணாம். சும்மா நில்லு. துணைக்குத்தான்."

சத்தியமாக அவள் என்னை ஒரு நாளும் வற்புறுத்தவில்லை. இந்த வேப் விஷயத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும், தோழிகள் கட்டாயப்படுத்தினால் முடியாது என்று சொல்லப் பழகுங்கள் என்கிறார்கள். யாராவது கேட்டால்தானே முடியாது என்று சொல்ல முடியும்? அவள் பிடித்து வந்த இன்னும் மூன்று பேரையும் சேர்த்து, கழிவறையின் ஓர் அறைக்குள் ஐந்து பேர் ஒடுங்கி நிற்போம். நாலு பேர் மாற்றி மாற்றி இழுத்து, மாம்பழ வாசத்தோடு ஒருத்தி முகத்தில் ஒருத்தி ஊதி, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் மட்டும் காவல்காரி மாதிரி விறைத்து நிற்பேன். அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கு இல்லை. முதல் மூன்று நாள் நின்றேன். நாலாம் நாள் என் கை தானாக நீண்டது. யாரும் கைதட்டவில்லை, யாரும் கவனிக்கக்கூட இல்லை. சட்டென்று நானும் உள்ளே இருந்தேன், அவ்வளவுதான். அந்த ஒரு நொடி எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைத்து என்ன பயன்?

இதில் பெரிய வேடிக்கை, நான் பள்ளியின் மாணவர் தலைவிகளில் ஒருத்தி. நீலச் சீருடை, சட்டையில் வில்லை. கழிவறைகளைக் கண்காணிப்பது என் பொறுப்பு. பொறுப்பாகக் கண்காணித்துக்கொண்டே இழுத்தேன்.

ஒரு நாள் ஒழுங்கு ஆசிரியை வந்துவிட்டார். மலாய்க்கார டீச்சர், நடந்தால் சத்தமே கேட்காது. கதவைத் தட்டி, உள்ளே யார் என்று கேட்டார். நாங்கள் மூச்சை அடக்கினோம். அவள் மட்டும் சாதாரணமாகக் குரல் கொடுத்தாள்.

"சொராங் சாஜா, சிக்கு."

நான் ஒருத்திதான் டீச்சர் என்று அர்த்தம். வாழ்க்கையில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. கதவுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. அதன் வழியாக டீச்சர் பத்து வெள்ளைச் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தோம். அவள் கொண்டைக்குள் வேப் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. ஆனால் வாசம் இருக்கிறதே. டீச்சர் என் வில்லையைப் பார்த்துத்தான் அதிர்ந்து போனார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். இவள் எங்களைப் பிடிக்கத்தான் உள்ளே வந்தாள், நாங்கள்தான் விடாமல் கதவைச் சாத்திவிட்டோம் என்றாள். டீச்சர் நம்பினார். நாலு பேருக்கும் ஒரு வாரம் கழிவறை கழுவும் தண்டனை. அவர்கள் ஒழுங்காகக் கழுவுகிறார்களா என்று மேற்பார்வை பார்க்க ஓர் ஆள் போடப்பட்டது. அந்த ஆள் நான்தான். அவள் தரையைத் தேய்த்துக்கொண்டே, "மேடம், இந்த மூல சுத்தமா இருக்கா பாருங்க" என்று என் காலில் தண்ணீரை அடித்தாள். நான் சிரித்தேன். வெட்கமாகவும் இருந்தது, ஆனால் சிரிப்புதான் அதிகமாக இருந்தது.

இரண்டாம் தவணை விடுமுறை வந்தது. இரண்டு வாரம் அவள் தோட்டத்தில், நான் தாமானில். பள்ளி திறந்ததும் அவளிடம் கேட்டேன், அத்தனை நாளும் என்ன செய்தாய் என்று. அதைத் தொடவே இல்லை என்றாள். "யாரு கூட இழுக்கறது? ஆடு கூடவா?"

நான் தொட்டிருந்தேன். விடுமுறையின் மூன்றாம் நாளே எனக்குத் தலை கனத்தது, எரிச்சல் வந்தது, அம்மா எது சொன்னாலும் கடித்துக் குதறினேன். பிறகு யாருக்கும் தெரியாமல் எனக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டேன். பச்சை நிறம், மூடியெல்லாம் போட்டு அச்சு அசலாக வரிகளுக்கு வண்ணம் தீட்டுகிற ஹைலைட்டர் பேனா மாதிரியே இருக்கும். பென்சில் பெட்டியில் மற்றப் பேனாக்களோடு போட்டு வைத்து, என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அம்மா குளியலறையில் மாம்பழ வாசம் பிடித்துவிட்டு, "எந்த ஷாம்புடி இது, நல்லா இருக்கே" என்றார்.

இதை அவளிடம் காட்டியபோது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"தனியாவா இழுக்கற?"

"ஆமா. அதுக்கென்ன?"

"வீட்லயுமா?"

"ம்."

அந்தப் பச்சை வேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "விட்டுரு லா. கூட்டமா இருந்தா அது வெளையாட்டு. தனியா இழுக்கறது வெளையாட்டு இல்லடி" என்றாள். மறுநாளே தன்னுடையதைப் பெரியப்பா மகனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மற்ற மூவரும் அவளோடு சேர்ந்து நிறுத்திவிட்டார்கள். இழுப்பதற்குச் சேர்ந்தது போலவே விடுவதற்கும் சேர்ந்துகொண்டார்கள். நானும் விட்டுவிட்டேன் என்று அவர்களிடம் சொன்னேன். அவள் மட்டும் நம்பவில்லை. இடைவேளையில் நான் தனியாக எழுந்து போகும்போது என் பின்னாலேயே வருவாள். "துணைக்கு" என்பாள். அவள் துணை எனக்குப் பாரமாக இருந்தது அப்போதுதான்.

ஐந்தாம் படிவத்தை முடிக்கும் எஸ்.பி.எம். அரசுப் பரீட்சை நெருங்கியது. பரீட்சைக்குப் பிறகு நான் சேர நினைத்த கல்லூரிக்கு நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு கெட்ட வரி விழுந்தாலும் நேர்காணலுக்கே கூப்பிட மாட்டார்கள் என்று எங்கள் தமிழ் டீச்சர் அடித்துச் சொல்லியிருந்தார். எங்கள் சான்றிதழில் அந்த வரியை எழுதிக் கொடுக்கிறவரும் அவர்தான். அப்பா போனபிறகு கையுறைத் தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கிப்போன என் அம்மாவுக்கு அந்தக் கல்லூரியைத் தவிர வேறு பேச்சே கிடையாது. அதே கல்லூரிக்கு அவளும் விண்ணப்பம் வாங்கியிருந்தாள். உனக்கு அங்கே படிக்க ஆசையா என்று கேட்டேன். "நீ தனியா போவியா? துணைக்குத்தான்" என்றாள்.

எங்கள் பக்கத்துக் கோயிலில் வருடா வருடம் பரீட்சைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாணவர்களுக்காகச் சிறப்பு வழிபாடு நடக்கும். பரீட்சை எழுதப்போகும் பேனாக்களை எல்லாரும் ஒரே பித்தளைத் தாம்பாளத்தில் கொட்டுவார்கள். குருக்கள் அதைப் பிள்ளையார் பாதத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். அதற்குப் பிறகு கோயில் தலைவரின் முறை. அவர் அந்தக் காலத்துத் தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதி எழுதிப் பேனாவோடு வாழ்ந்தவர். ஒவ்வொரு பேனாவாலும் ஒரு தாளில் பிள்ளையார் சுழி போட்டுப் பார்த்துவிட்டு, "இது யாருது?" என்று தூக்கிக் காட்டித்தான் திருப்பிக் கொடுப்பார். எழுதாத பேனாவைச் சாமி பாதத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால் கோயிலுக்குத்தான் கெட்ட பெயர் என்பது அவர் கட்சி. மை வராத பேனாவை வாயில் வைத்து ஊதுவார். அதற்கும் வராவிட்டால் உறிஞ்சுவார். குருக்கள் ஒவ்வொரு வருடமும் முகத்தைச் சுளிப்பார், தலைவர் ஒவ்வொரு வருடமும் கண்டுகொள்ள மாட்டார்.

அன்று காலை நான் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது அம்மா என் பென்சில் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் அள்ளித் தன் பையில் போட்டுக்கொண்டார். ஒரு பேனாவுக்கு மட்டும் ஆசி கிடைத்து மற்றது கோபித்துக்கொள்ளக் கூடாது என்ற நல்லெண்ணம். எனக்கு இது தெரியாது. குருக்கள் தாம்பாளத்திலிருந்து ஒரு பச்சைப் பொருளை எடுத்துச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பக்தியோடு ஒரு பூவும் வைத்தபோதுதான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற அவள் என் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். துப்பட்டாவை வாயில் கவ்விக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"சிரிக்காதடி, எடுக்கணும் அத" என்றேன்.

"எப்படி எடுப்ப? சாமி கிட்ட போய் கேப்பியா?"

தலைவர் தாம்பாளத்தோடு உட்கார்ந்துவிட்டார். நீலப் பேனா, கறுப்புப் பேனா, யாருது, யாருது. பச்சை வந்தது. மூடியைக் கழற்றித் தாளில் சுழி போட்டார். விழவில்லை. முனையைப் பார்த்தார், ஓட்டை மட்டும் இருந்தது. நிப்பு உள்ளே போய்விட்டது என்று முடிவுசெய்து ஊதினார். வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நன்றாக ஓர் உறிஞ்சு உறிஞ்சினார்.

நுனியில் நீல விளக்கு எரிந்தது. ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு தலைவரின் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் வெள்ளை வெளேரென்று புகை கிளம்பியது. மண்டபம் முழுக்க மாம்பழ வாசம். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, "சாம்பிராணிய மாத்திட்டாங்களா? நல்லா மணக்குதே" என்றார். தலைவர் இருமிய இருமலில் பேனாக்கள் எல்லாம் உருண்டு ஓடின.

வழிபாட்டுக்கு வந்திருந்த தமிழ் டீச்சர் எழுந்து போய் அந்தப் பச்சையை வாங்கிப் பார்த்தார். பள்ளியில் அவர் எத்தனை பறிமுதல் செய்திருப்பார். முகம் சிவந்தது.

"இது பேனா இல்ல. யாருது இது?"

என் அம்மா காலையில் தன் கையால் எடுத்து வைத்த பொருள் அல்லவா? "டீச்சர், அது எங்க..." என்று ஆரம்பித்தார். பாதியில் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் புகையையும் குளியலறை ஷாம்பு வாசத்தையும் அம்மா சேர்த்துப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. அம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது. கல்லூரி, சான்றிதழ், வீங்கிய கால், எல்லாம் அந்த வாய்க்குள் நின்றன.

"என்னுது டீச்சர்."

அவள்தான். கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். டீச்சர் அவளைப் பின்னால் இருந்த அறைக்கு வரச் சொன்னார். மண்டபத்தின் நடுவில் அத்தனை பேர் பார்க்க அவள் நடந்து போனாள். குப்பைத் தொட்டிக்கே தனியாகப் போகாதவள். என் சட்டைக் கை இழுபடும் என்று காத்திருந்தேன். இழுத்திருந்தால் போயிருப்பேன். உண்மையில் போயிருப்பேன் என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு அவள் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. அம்மாவும் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காடி ஓட்டிய அம்மா என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது மட்டும், "அந்தப் புள்ளைக்கு ஒரு நாள் சோறு போடணும்" என்றார்.

பரீட்சை முடிந்ததும் கூப்பிட்டோம். கோழிக் கறி, ரசம், அப்பளம், பாயசம். அவள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு ஆளுக்குச் சமைத்தது போதாமல் அம்மா மறுபடி உலை வைத்தார். பரிமாறும்போது ஏதோ சொல்ல இரண்டு முறை வாயெடுத்தார், இரண்டு முறையும் இன்னொரு துண்டு கறியைத்தான் அவள் தட்டில் வைத்தார். கை கழுவும் இடத்தில் அவளைத் தனியாகப் பிடித்து, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"தலைவரு மூக்குல பொக வந்திச்சில்ல? சிரிப்ப அடக்கவே முடியல லா. வெளிய ஓடணும்னுதான் கையத் தூக்கினேன்."

பொய். அவள் சிரித்துக்கொண்டே சொன்ன பொய். எனக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கேட்டால் நடந்தது உண்மையாகிவிடும் என்ற பயம்.

அவள் சான்றிதழில் அந்த வரி விழுந்தது. என்னுடையதில் 'மிக நன்று' என்று இருந்தது. அவள் வாங்கப்போகும் மதிப்பெண்ணுக்கு எப்படியும் அந்தக் கல்லூரி கிடைத்திருக்காது என்று கொஞ்ச காலம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முடிவு வந்தபோது பார்த்தேன், கிடைத்திருக்கும். துணைக்கு வருவதாகச் சொன்னவள் வராமல் நான் தனியாகப் போய்ப் படித்தேன். அவள் கோலா கெடா பக்கம் சித்தி வீட்டுக்குப் போய், படகுத்துறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் பேச்சு குறைந்தது. குறைத்தது நான்தான்.

இப்போது சுங்கைப் பட்டாணியில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, இடையிடையே பின்சந்துக்குப் போய்த் தனியாக இழுக்கிறேன். மூன்று முறை விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மூன்றாம் நாள் அந்தப் பழைய எரிச்சல் வரும், தோற்றுப்போவேன். போன மாதம் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா அரசாங்கக் கிளினிக்கில் இந்தப் பழக்கத்தை நிறுத்த உதவுகிறார்கள் என்று விசாரித்து வந்து பெயர் பதிந்துவிட்டார்.

குறித்த நாளில் கிளினிக் வாசல்வரை போனேன். கதவுவரை போய்த் திரும்பி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே போகக் கால் வரவில்லை. அப்போதுதான் புரிந்தது, அவள் ஏன் அப்படி ஆள் சேர்த்தாள் என்று. பயம்தான். வேறு ஒன்றுமில்லை. அவ்வளவு பயந்தவள் அன்றைக்குத் தனியாக நடந்து போனாள்.

கைப்பேசியை எடுத்தேன். அந்தப் பச்சை வேப் என்னுடையது, நீயும் நானும் அம்மாவும் மட்டும் அறிந்த அதை டீச்சரிடம் போய்ச் சொல்லப்போகிறேன், அதற்கு முன் இங்கே ஒரு கதவைத் தாண்டவேண்டும் என்றெல்லாம் நீளமாக எழுதினேன். எல்லாவற்றையும் அழித்தேன். கிளினிக்கின் பெயரை எழுதி, "துணைக்கு வர்றியா?" என்று மட்டும் அனுப்பினேன். இரண்டு வருடத்தில் நான் அவளுக்கு அனுப்பிய முதல் செய்தி.

பதில் ஒரு நிமிடத்தில் வந்தது.

"வர்றேன் லா. எத்தன பேரக் கூட்டியாரணும்?"